எடுத்துப்போட்ட இரண்டு சொற்கள்

ஸ்ஸ்ஸ் என்றார் அர்த்தநாரி. பிள்ளை மசியவில்லை. மறுபடியும் ஸ்ஸ்ஸ் என்றார். எழுபத்திரண்டு வயதில், சுகாதார நிலையத்துத் தாழ்வார பெஞ்சில், ஏழு மாதப் பேத்தியை இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் இடது கையில் சாய்த்துக்கொண்டு, வலது கையில் மூடி கழற்றிய பிளாஸ்டிக் டப்பாவை ஏந்திக்கொண்டு, ஸ்ஸ்ஸ். என்னென்ன சொன்ன வாய் இது. நூல் மில் கேட்டில் மைக் இல்லாமல் மூவாயிரம் பேருக்குக் கேட்ட வாய். சப்-கலெக்டரை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசிய வாய். அது இப்போது ஒரு சொட்டுச் சிறுநீருக்காகப் பாம்பு மாதிரி சீறிக்கொண்டிருக்கிறது, இந்தச் சின்னக் கழுதையோ தாத்தாவின் சிவப்புத் துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரி. தழல் என்று பேர் வைத்ததற்கு அணையாமல் சிரி. பத்தேகாலுக்கு உட்கார்ந்தது, இப்போது பதினொன்றாகிறது, பால் குடித்தாயிற்று, தண்ணீர் இரண்டு பாலாடை குடித்தாயிற்று, ஈரத் துணியால் அடிவயிற்றைத் தடவியாயிற்று, எங்கேதான் வைத்திருக்கிறாள். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட படம். திட்டத் தொடக்க விழா. குத்துவிளக்கு, பெரிய மனிதர்கள், மாலைகள், மாலைகளுக்குப் பின்னால் வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் சிவப்புத் துண்டும். அந்த முழங்கை அர்த்தநாரியுடையது. முகம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போகட்டும். முகத்துக்காகவா செய்தோம். ஆனால் முழங்கையை மட்டும் மாட்டி வைத்திருக்கிறான் பார், அதுதான் இந்த நாட்டு அரசாங்கம். ஊரில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், நோயிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறாம் மாதம் நீர்ச் சோதனை. கேட்டு இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கொடுத்தான். தங்கத் தட்டில் வைத்தா கொடுத்தான்? உட்கார்ந்து, படுத்து, அடிபட்டு, உள்ளே போய் வாங்கியது. இந்த டப்பா சும்மா வந்த டப்பா இல்லை. அதன் விளிம்பில் பிள்ளையின் தொடை படாமல் பிடிக்க வேண்டும் என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருந்தாள், தோலில் பட்டால் தோலின் கிருமி சேர்ந்துவிடுமாம், நடுவில் வருகிற நீரை மட்டும் பிடிக்க வேண்டுமாம், அதற்கு ஒரு பாடம் நடத்தினாள், யாருக்கு, அர்த்தநாரிக்கு.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஃபர்ஹானா என்று பலகையில் எழுதியிருந்தது. காலையில் தழலைத் தராசில் போட்டுப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினாள், பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தது. "காய்ச்சல் வந்துச்சா?" இல்லை. "வாந்தி?" இல்லை. "பால் குடிக்குதா?" குடிக்கிறதென்று சுடர்க்கொடி, அவருடைய சின்ன மகள், பிள்ளையின் தாய், பயந்த குரலில் சொன்னாள். "அப்புறம் எதுக்கும்மா இவளைக் கிருமி கிருமின்னு இழுத்துட்டு அலையறீங்க?" அந்த ஒரு கேள்வியில் அவருக்கு உள்ளே குபுக்கென்று ஏறியது. "போன மாசம் இதே ஆஸ்பத்திரியிலதானம்மா கிருமின்னு சீட்டு குடுத்தாங்க" என்றார். குடுத்தாங்க ஐயா என்றாள், ரெண்டு வருஷமா எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கறாங்க, எடுத்தா பத்துல ஒண்ணுல ஏதாவது இருக்கத்தான் செய்யும், போன தடவை இடுப்புல பிளாஸ்டிக் பையை ஒட்டி எடுத்தது, அது தோல்ல இருந்த கிருமியாக்கூட இருக்கலாம். நிஜமாவே நீர்ல இருந்தாலும் நல்லா இருக்கற பிள்ளைக்கு அது பெரும்பாலும் தானா வரும், தானா போகும். மருந்தைக் குடுத்து அதை விரட்டினா அந்த இடத்துல அதைவிட முரடு ஒண்ணு வந்து உட்காரலாம். "காய்ச்சல் அடிக்குதா, சுருண்டு படுக்குதா, அப்ப நானே இந்த டப்பாவைக் கையில குடுத்து ஓடுங்கன்னு சொல்லுவேன். அன்னிக்கு ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. சும்மா சிரிக்கற பிள்ளைக்கு வேண்டாம்." பிறகு இன்னொன்று சொன்னாள், அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. "ஆனா திட்டம்னு ஒண்ணு இருக்கு, நான் டப்பாவைக் குடுத்தாகணும். யாரோ ஒருத்தர் பல வருஷம் போராடி வாங்கினதாம்." யாரோ ஒருத்தர். சுடர்க்கொடி வாயைத் திறந்தாள், அவர் கண்ணாலேயே அடக்கினார். யாரென்று சொல்லிப் பெருமைப்படுவதற்கு நான் என்ன பட்டிமன்றப் பேச்சாளனா? அதற்குப் பதில், ஐம்பது வருஷமாக எந்த அதிகாரியிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?" அதிகாரிகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள், அல்லது தேநீர் வரவழைப்பார்கள், அல்லது மேலிடம் என்பார்கள். இந்தப் பெண் பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "படிச்சுப் பாருங்க ஐயா. நீர் குடுக்கறதும் குடுக்காததும் உங்க விருப்பம்." அந்தச் சீட்டு இப்போது சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருஷத்தில் முதன்முதலாக ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்தது, அதுவும் எனக்கு எதிராக.

ஸ்ஸ்ஸ். படித்தவர்கள். நேற்று ஒன்று சொல்வார்கள், இன்று ஒன்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் ஐந்தோடு நின்றது, மீதியெல்லாம் பிட் நோட்டீசில் கற்றது. அதற்காக அவர் வெட்கப்பட்டதில்லை. துண்டுத் தாளில் உலகத்தைச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பட்டம் எதற்கு? டெம்மி அளவு அச்சுத் தாளை எட்டாக மடித்தால் ஒரு பக்கத்துக்குத் தலைப்பு, கோரிக்கை ஐந்து, கீழே பெயர், அச்சகத்தின் பெயர், அவ்வளவுதான் இடம். தொண்ணூற்றைந்தில் அந்த முதல் நோட்டீஸ். எழுதி வைத்திருந்தது அவரல்ல, ரோஸ்லின் சிஸ்டர். மகப்பேறு விடுதியில் முப்பது வருஷம் நர்சாக இருந்தவள், கட்சியில் இல்லை, ஆனால் கட்சிக்காரர்களைவிடப் பிடிவாதக்காரி. அவள் எழுதிக் கொண்டுவந்தது, காய்ச்சல் கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் நீர்ச் சோதனை. அவர் அச்சுக்கூடத்தில் நின்றபடியே அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் நீர்ச் சோதனை. நடந்துகொண்டே சொன்னால் மூச்சு பிள்ளைக்கு என்கிற இடத்தில் அறுந்துவிடுகிறது. ஊர்வலத்தில் மூச்சு அறுந்தால் ஊர்வலம் அறுந்துவிடும், இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, காலுக்குத் தெரியும். முதல் இரண்டு சொற்களைப் பேனாவால் அடித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீர்ச் சோதனை! அடேயப்பா, பறை மாதிரி விழுந்தது. "அண்ணா, அது வேற கோரிக்கை ஆயிடுச்சு" என்றாள் ரோஸ்லின். "காய்ச்சல் வந்தா பார்க்கச் சொல்லித்தான் நான் கேட்கறேன். நல்லா இருக்கற பிள்ளையை எதுக்கண்ணா நோண்டணும்?" அவர் சொன்னார், சிஸ்டர், பாதி கேட்கிறவனுக்குக் கால்கூடக் கிடைக்காது, முழுசாக் கேட்போம். அச்சுக்கோப்பவன்கூட ஆமோதித்தான், இரண்டு சொல் குறைந்தால் எழுத்தைப் பெரிசாகப் போடலாமே என்றான். ரோஸ்லின் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அந்த ரெண்டு வார்த்தை மேல என்னண்ணா கோபம்?" என்றாள். மூச்சு, மூச்சுதான் காரணம் என்றார். இருபத்தெட்டு வருஷம் அதையேதான் சொன்னார். அச்சுக்கூடத்து அந்த நாளுக்கப்புறம் ரோஸ்லின் வரவில்லை.

பெஞ்சின் அந்தப் பக்கம் ஒரு பெண் தன் மகனின் இடுப்பில் ஒட்டியிருந்த பையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஸ்ஸ்ஸ். கொழுக்மொழுக்கென்று ஒரு பயல், கன்னத்தில் கறுப்புப் பொட்டு. "உங்க பேத்திக்கும் கிருமிங்களா?" என்று கேட்டாள். "இவனுக்கு ரெண்டாவது தடவை வந்திருச்சுங்க. ஒரு வாரமாச் சோறு தண்ணி எறங்கல எனக்கு." அவர் தலையை ஆட்டி வைத்தார். பயல் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு அவரை முறைத்தான். நோயாளி! இவனா நோயாளி! தழலும் அப்படித்தான் இருந்தாள், போன மாதம் அந்தச் சீட்டு வருகிற வரைக்கும். வெள்ளை மருந்து பத்து நாள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, ஐந்தாம் நாள் நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக, பால்காம்பை வாயில் வைத்ததும் வீல் என்று கத்தல், குண்டியெல்லாம் வெந்து சிவந்து, எடை அரைக் கிலோ இறங்கிப்போனது. நோய் வந்தா இளைத்தாள்? சோதனை வந்து இளைத்தாள். சீ, என்ன நினைப்பு இது. அந்த டாக்டர் பெண் எழுதிய சீட்டு நெஞ்சுக்குள் இறங்கிப் பேசுகிறது. இன்றைக்கும் கிருமி என்று வந்தால் நாளைக்கே சேலம் பெரிய ஆஸ்பத்திரி. ரப்பர் குழாயை உள்ளே விட்டு நீர் எடுப்பார்கள், குழாய் வழியாக மருந்தை ஏற்றிப் படம் பிடிப்பார்கள், ஊசி போட்டுப் படுக்க வைப்பார்கள். இந்த விரல் மொத்தம்கூட இல்லாத இடத்தில் குழாய். சுடர்க்கொடி நேற்றே பையில் துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டாள். முப்பத்தாறு வயதில் பெற்ற ஒரே பிள்ளை, ஆனாலும் வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. இன்று காலையில் டாக்டர் சீட்டைக் கொடுத்த பிறகும், "நீங்க சொல்றதுதானுங்கப்பா. அக்காவுக்கு ஆன மாதிரி ஆகக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரத் தடுப்பூசிக்குப் பேர் பதிகிற வரிசையில் போய் நின்றுகொண்டாள். அக்காவுக்கு ஆன மாதிரி. அக்காவுக்கு எப்படி ஆயிற்று என்று அவளுக்கு யார் சொன்னது? நோட்டீஸ் சொன்னது. நோட்டீஸை யார் எழுதியது?

ஸ்ஸ்ஸ். வாலண்டினா. மூத்த மகள், எழுபத்தெட்டில் பிறந்தாள், கட்சி ஆபீசில் தோழர்கள் கூடி வைத்த பேர், தெருவில் எல்லாருக்கும் வாலு. பதின்மூன்று வயதில் கால் வீங்கியது, முகம் வீங்கியது, கோயமுத்தூரில் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சிறுநீரகம் ரெண்டும் சுருங்கிப்போச்சு, கைக்குழந்தையாக இருக்கறப்பவே நீர்ல கிருமி ஏறித் தழும்பாயிருக்கு, யாரும் பார்க்கலை என்றார். பதினாறில் போனாள். யாரும் பார்க்கலை. அந்தச் சொல்லைத்தான் அவர் கொடியாகக் கட்டினார். சத்தமில்லாமல் வருகிற நோய், அடையாளமே காட்டாத நோய், தாய்க்கும் தெரியாது தகப்பனுக்கும் தெரியாது, சோதனை ஒன்றுக்குத்தான் தெரியும், அந்தச் சோதனையை வைக்காத அரசே கொலைகாரன். எத்தனை மேடை! எத்தனை தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்திருப்பார்கள்! அவருடைய மனைவி ருக்குமணி எல்லா ஊர்வலத்துக்கும் வந்தாள், மகளின் படம் ஒட்டிய தட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் நடந்தாள், ஆனால் கோஷம் போட்டதில்லை. உதடு ஒட்டியே இருக்கும். கூச்சம் என்று தோழர்கள் சொன்னார்கள். லாரி மறியலில் டிரைவரின் சட்டையைப் பிடித்தவளுக்குக் கூச்சமா? அவருக்குத் தெரியும். சாகிறவரை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று அவர் கத்துகிறபோதெல்லாம் அந்த ஒட்டிய உதடு பக்கத்திலேயே நடந்து வந்தது. போதும், இங்கேயே நிறுத்திக்கொள், பிள்ளையைப் பார், டப்பாவைப் பார். நிற்கவில்லை. எழுபத்தொன்பது, மில் பூட்டிக் கிடந்த நாற்பத்தொன்றாம் நாள், கேட்டில் போட்டிருந்த பந்தலுக்கு ருக்குமணி வந்து நின்றாள், இடுப்பில் வாலு, ஏழு மாதம். "உடம்பு அனலாக் கொதிக்குதுங்க. மூணு நாளாச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க." பந்தலில் எல்லாரும் பார்த்தார்கள். தலைவனின் பெண்டாட்டி தலைவனைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். கொதித்தது, ஆமாம், கை சுட்டது, இன்றைக்கும் இந்த வலது கையில் அந்தச் சூடு இருக்கிறது. "பல்லு மொளைக்கிற காய்ச்சல் புள்ள. போ, தானா எறங்கும்." இறங்கியது. ஒன்பதாம் மாதம் மறுபடி வந்தது. பதினோராம் மாதம் மறுபடி. மூன்று தடவையும் பல்லு. மூன்றாம் தடவை அவர் ஜெயிலில் இருந்தார், அங்கேயிருந்து போஸ்ட் கார்டில் எழுதினார், பல்தான், பயப்படாதே. சத்தமில்லாமல் வந்த நோயா அது? மூன்று முறை கதவை உடைக்கிற மாதிரி தட்டியிருக்கிறது. மூச்சாம், ஊர்வலமாம். காய்ச்சல் கண்ட என்கிற இரண்டு சொல் அந்த நோட்டீசில் இருந்திருந்தால் ருக்குமணி முதல் வரிசையில் நின்று அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். அதற்காகத்தான் அடித்தார். ரோஸ்லினுக்குத் தெரிந்திருக்கிறது. பேனாவைப் பிடித்த கைக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு பேச்சைத் திருப்பிவிட்டு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இந்த பெஞ்சில் உட்கார வைத்துப் பைகளை ஒட்டிவிட்டேன்.

இருந்தாலும் அவர் தலை குனியவில்லை. குனிகிற கழுத்தில்லை அது, போலீஸ்காரன் மிதித்தே குனியாதது. அந்தப் படத்திலிருக்கிற முழங்கையைப் பார்த்தார். தப்பாகக் கேட்டதும் நான், வாங்கியதும் நான், அப்படியானால் திருப்பி வாங்குகிறவனும் நானாகத்தான் இருக்க வேண்டும், வேறு எந்தப் பயலுக்கு அந்த உரிமை இருக்கிறது? ஸ்ஸ்ஸை நிறுத்திவிட்டார். உதட்டுக்குள், பழைய பழக்கத்தில், பெஞ்சின் காலில் குதிகாலைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் கண்ட. தட்டு. பிள்ளைக்கெல்லாம் நீர்ச் சோதனை. தட்டு. நின்றார். மறுபடியும் சொன்னார். அட. ஒரே மூச்சில் ஏன் சொல்ல வேண்டும்? முன்னால் போகிறவன் காய்ச்சல் கண்ட என்று கொடுத்தால், பின்னால் வருகிற கூட்டம் பிள்ளைக்கெல்லாம் நீர்ச் சோதனை என்று எடுத்துக்கொள்ளுமே. கோஷம் என்றாலே அதுதானே, நான் பாதி, நீ பாதி. நாற்பது வருஷம் கோஷம் கொடுத்தவனுக்கு இது தெரியாதா, முழுவரியும் தன் வாயிலேயே இருக்க வேண்டும் என்றல்லவா இருந்திருக்கிறோம். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். காய்ச்சல் கண்ட! தழல் துண்டை வாயிலிருந்து விட்டாள். கண்கள் எங்கேயோ நிலைகுத்தின, உடம்பு சின்னதாகச் சிலிர்த்தது, வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, டப்பா ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது, நீட்டினால் போதும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்தால் போதும். அர்த்தநாரி டப்பாவைக் கவிழ்த்து பெஞ்சின் மேல் வைத்தார். பிறகு வெந்நீர் மாதிரி அவர் வேட்டியில், தொடையில், முழங்காலில், செருப்பில், நிற்காமல், இவ்வளவையும் இந்தச் சின்ன வயிற்றுக்குள் எங்கேதான் வைத்திருந்தாளோ. முடிந்ததும் தழல் கைகொட்டப் பார்த்தாள், இன்னும் கை சேரத் தெரியவில்லை. பக்கத்துப் பெண், "ஐயோ, அத்தனையும் போச்சுங்களே, டப்பாவை நீட்டியிருக்கலாமில்லீங்க" என்று பதறினாள்.

சுடர்க்கொடி கையில் தடுப்பூசி அட்டையோடு வந்து நின்றாள். ஈர வேட்டியைப் பார்த்தாள், கவிழ்ந்த டப்பாவைப் பார்த்தாள். "என்னுங்கப்பா, புடிக்கறதுக்குள்ள போயிட்டாளா?" "இல்ல கண்ணு. போகட்டும்னு நான்தான் விட்டேன்." அவளுக்குப் புரியவில்லை. அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை, முன்கதை சொல்லவில்லை, அதெல்லாம் அவருக்கு வராது, கோஷத்தில்தான் வரும். "காய்ச்சல் கண்ட அப்படின்னு நான் குடுத்தா நீ என்ன எடுப்பே?" என்றார். பிறந்ததிலிருந்து ஊர்வலம் பார்த்தவள், யோசிக்கவே இல்லை, வாய் தானாக எடுத்தது. "ஒவ்வொரு பிள்ளைக்கும் நீர்ச் சோதனை." எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். சொன்னதைத் தன் வாய்க்குள்ளேயே திரும்பக் கேட்கிறவள் மாதிரி நின்றாள். "காய்ச்சல் கண்டங்கறது நம்ம நோட்டீஸ்ல இல்லீங்களேப்பா." இல்லை என்றார். அவள் குரல் இறங்கியது. "அப்பா, அக்காவுக்குக் காய்ச்சல் வந்துச்சுங்களா?" இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் கேட்காத கேள்வி, எந்தக் கூட்டத்திலும் எழாத கேள்வி. மேலிடத்தைச் சொல்லலாம், தேநீர் வரவழைக்கலாம். "வந்துச்சு. மூணு தடவை. உங்கம்மா தூக்கிட்டு வந்தா. நான்தான் பல்லுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன்." சுடர்க்கொடியின் உதடு ஒட்டிக்கொண்டது, அப்படியே ருக்குமணியின் உதடு. பிறகு குனிந்து அவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள், வாங்கும்போது புறங்கையைத் தழலின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் வெகு நேரம் வைத்திருந்தாள்.

சோதனைக்கூட ஜன்னலிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "தழல் யாருங்க? நீர் வந்தாச்சா? பன்னெண்டு மணிக்கு மூடிருவோம்" என்று கத்தினான். அர்த்தநாரி எழுந்தார். வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, துண்டை எடுத்து மறைக்கத் தோன்றவில்லை, துண்டைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டார். மில் கேட்டில் கேட்ட அந்தக் குரல் வெகு நாளைக்குப் பிறகு இன்று வெளியே வந்தது, தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. "வந்துச்சு. குடுக்க முடியாது. இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல." ஜன்னல்காரன், "வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றான். "குடுக்கறேன்" என்று சட்டைப் பையிலிருந்து டாக்டரின் சீட்டையும் பென்சிலையும் எடுத்தார். அதில் நாலு வரிக்குக் கீழே இடம் நிறைய இருந்தது. ஈரக் கால்களோடு நின்றபடியே, அடித்துப்போட்ட இரண்டு சொற்களையும் முதலில் எழுதினார், தாள் கொண்டமட்டும் பெரிய எழுத்தில்.